மூன்றாண்டு நீடித்த ஒரு முயற்சி

சாய்வான பலகை, அதன்மேல் கண்ணாடி மூடி, உள்ளே உருண்டோடும் ஓர் எஃகுக் குண்டு, அது கீழே விழாமல் தட்டி மேலேற்ற இரு சிறு துடுப்புகள். அமெரிக்கர் 'பின்பால்' எனப் பெயரிட்டழைக்கும் விளையாட்டுப் பெட்டி இதுவே.

இத்துடுப்புகள் 1947-ஆம் ஆண்டில், காட்லீப் நிறுவனத்தாரின் 'ஹம்ப்டி டம்ப்டி' என்னும் பெட்டியில்தான் முதன்முதலாக இடம்பெற்றன. அதற்கு முன்னர் குண்டின் போக்குப் பெரும்பாலும் தற்செயலைப் பொறுத்ததாகவே இருந்தது. ஆதலால் இதனைச் சூதாட்டமெனக் கருதிய நியூயார்க் மேயர் லாகார்டியா 1942-இல் தடை விதித்தார். பெட்டிகளைச் சம்மட்டி கொண்டு உடைப்பித்தார். இது திறமையால் ஆடப்படுவதே என்பதை ரோஜர் ஷார்ப் என்பார் நகரசபையினர் முன்னிலையில் ஆடிக்காட்டிய பின்னரே, 1976-இல், அத்தடை நீங்கிற்று.

அதே 1976-இல்தான் இத்தொழிலில் அட்டாரி நிறுவனம் காலடி வைத்தது. கலிபோர்னியாவில் 1972-இல் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி ஆகிய இருவரும் தோற்றுவித்த அந்நிறுவனம், 'பாங்' என்னும் திரைவிளையாட்டால் புகழ் பெற்றிருந்தது. அதனை 1976-இல் வார்னர் நிறுவனத்தார் 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு வாங்கினர். பின்பால் தொழிலின் தலைநகரோ சிக்காகோ. காட்லீப், பாலி, வில்லியம்ஸ் ஆகிய நிறுவனங்கள் அங்குப் பல்லாண்டுகளாக வேரூன்றி நின்றன. மின்கம்பிகளாலும் மின்விசைத் தொடுப்பிகளாலும் பெட்டிகளை இயக்கிவந்த அவை, நுண்செயலிகளின் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்த காலம் அது. அட்டாரிக்கோ மின்னணுக் கலை பிறந்தகமே போன்றது.

முதலில் 'தி அட்டாரியன்ஸ்' வெளிவந்தது. 1977-இல் 'டைம் 2000', 'ஏர்போர்ன் அவெஞ்சர்'. 1978-இல் 'மிடில் எர்த்', 'ஸ்பேஸ் ரைடர்ஸ்'. 1979-இல் 'சூப்பர்மேன்', 'ஹெர்குலிஸ்' ஆகியவை தொடர்ந்தன. ஆக மொத்தம் ஏழு. ஹெர்குலிஸ் ஏறத்தாழ 7 அடி உயரமும் 8 அடிக்குச் சற்றே குறைந்த நீளமும் உடையது; அதில் எஃகுக் குண்டுக்கு மாற்றாகப் பில்லியர்ட்ஸ் பந்தே உருண்டது. பார்ப்போரை அது வியக்க வைத்தது. ஆயினும் பருத்த அப்பந்தின் ஓட்டம் மந்தமாகவே இருந்தது.

அந்நிறுவனத்தின் உண்மையான செல்வம் வேறிடத்தில் இருந்தது. பெட்டிகளைப் பொருத்தும் பணியாளராகச் சேர்ந்த ஸ்டீவ் ரிட்சி, அங்கேயே வடிவமைப்பாளராக உயர்ந்து, ஏர்போர்ன் அவெஞ்சரையும் சூப்பர்மேனையும் ஆக்கினார். சூப்பர்மேன் சந்தைக்கு வருமுன்னரே அவர் வில்லியம்ஸ் நிறுவனத்துக்குச் சென்றுவிட்டார். அங்கு அவர் படைத்த 'ஃபிளாஷ்' 1979-இல் வெளிவந்து, 19,000-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தியானது. அட்டாரியின் பின்பால் பிரிவில் நிரல் எழுதிய யூஜின் ஜார்விஸும் வில்லியம்ஸையே அடைந்தார். பின்னாளில் 'டிஃபெண்டர்' என்னும் திரைவிளையாட்டை ஆக்கிப் பெரும்புகழ் எய்தினார்.

இதற்கிடையே, 1978-இல் ஜப்பானிலிருந்து வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' மக்களின் காசையெல்லாம் திரைவிளையாட்டின் பக்கம் ஈர்த்தது. 1979-இல் அட்டாரியே வெளியிட்ட 'ஆஸ்டிராய்ட்ஸ்' சுமார் 70,000 பெட்டிகள் விற்றது. ஒரு கையில் இத்துணை ஆதாயம் குவிகையில், மறுகையில் இருந்த பின்பாலை நிறுவனம் நழுவவிட்டதில் வியப்பில்லை. அவ்வாண்டோடு அம்முயற்சி முடிவுற்றது.

மூலதனத்துக்கு அங்குக் குறைவில்லை. புதுக்கலை அறிவுக்கும் பஞ்சமில்லை. ஆயினும் அட்டாரி வளர்த்தெடுத்த கைகள், அது போட்டியிட வந்த சிக்காகோவுக்கே வளம் சேர்த்தன. மனிதரைப் பயிற்றுவிப்பது ஒரு கலை. பயின்றவரைத் தக்கவைத்துக்கொள்வது அதனினும் அரிய கலை. முதலாவதில் தேர்ந்த அந்நிறுவனம் இரண்டாவதில் தவறியது.