ஜின்னும் தேசிப்புளியும்: வீட்டில் கலக்கும் ஒரு கிளாஸின் கணக்கு

மன்னார் மாவட்டத்தில் ஒரு கலியாணத்துக்கோ வீடு குடிபுகுதலுக்கோ ஆட்களைக் கூப்பிட்டால் கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லோரும் வருவார்கள். சிலர் குடிப்பார்கள், பலர் குடிக்கமாட்டார்கள். சிலருக்கு மார்க்கம் தடுத்திருக்கும், சிலரை வைத்தியர் தடுத்திருப்பார். வீட்டுக்காரருக்கு இது ஒவ்வொரு முறையும் வரும் சிக்கல்: குடிப்பவருக்கு அளவு தெரிந்து கொடுக்கவேண்டும், குடிக்காதவர் கையில் வெறும் சோடாப் போத்தலைத் திணித்து ஒதுக்கவும் கூடாது. ஜின், தேசிப்புளி, சீனிப்பாணி ஆகிய மூன்றும் சேர்ந்த எளிய கலவை இந்தச் சிக்கலுக்குப் பொருத்தமானது. அதில் ஜின்னை எடுத்துவிட்டாலும் மிச்சம் இருப்பது நல்ல பானம்தான். இரண்டையும் எப்படிச் செய்வது, ஒவ்வொரு கிளாஸிலும் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஜின் என்றால் என்ன?

ஜின் ஒரு மணமூட்டிய சாராயம். தானியத்திலிருந்தோ கரும்புப் பாகிலிருந்தோ வடித்த, தனக்கென்று மணம் இல்லாத மதுவில் ஜூனிப்பர் என்ற ஊசியிலைச் செடியின் காயையும் வேறு வாசனைச் சரக்குகளையும் ஊறவைத்தோ சேர்த்து வடித்தோ தயாரிக்கிறார்கள். ஜூனிப்பர் இல்லாவிட்டால் அது ஜின் இல்லை. அதற்கு அடுத்த இடம் நம் அடுப்படியில் இருக்கும் மல்லிக்கு. அதன்பின் தோடம்பழத்தோல், எலுமிச்சைத்தோல், ஏஞ்சலிகா வேர் என்று பட்டியல் நீளும்.

இதன் மூதாதை ஒல்லாந்தரின் ஜெனீவர். 1658 இல் மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த அதே ஒல்லாந்தர்தான். ஆங்கிலேயர் அந்தச் சாராயத்தின் பெயரைச் சுருக்கி ஜின் ஆக்கினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பியச் சரக்குகள் இலங்கைக்கு வந்து சேராதபோது, கொழும்பில் ஒரு வடிசாலை கறுவா, இஞ்சி, மல்லி, கறிவேப்பிலை என்று உள்ளூரில் கிடைத்தவற்றைச் சேர்த்து ஜின் தயாரித்தது. அந்தச் செய்முறையின் வழியில் வந்த ஜின் இன்றும் விற்பனையில் இருக்கிறது. கறிவேப்பிலை சேர்ந்த ஜின்னுக்குத் தேசிக்காய் பொருந்துவதில் வியப்பில்லை. நம் சமையலிலும் அவை இரண்டும் பழைய கூட்டாளிகள்.

தேசிக்காய் எப்படிக் கப்பல் ஏறியது?

1747 இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், ஸ்கர்வி நோயால் பல்லீறு அழுகிக் கிடந்த மாலுமிகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் தின்றவர்கள்தான் விரைவாக எழுந்து நடந்தார்கள். அவர்களைக் காப்பாற்றியது விற்றமின் சி என்பது பின்னர்தான் தெரியவந்தது. 1867 இல் பிரித்தானியச் சட்டம் வணிகக் கப்பல்களிலும் இந்தப் புளியைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டில் ஸ்கொட்லாந்தின் லோக்லன் ரோஸ், மது சேர்க்காமல் சீனியோடு தேசிச்சாற்றைக் கெடாமல் வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்த இனிப்புச் சாற்றில் ஜின் சேர்ந்ததுதான் ‘கிம்லட்’. கீழே தரும் கலவையும் அதன் உறவுதான், புட்டிச் சாற்றுக்குப் பதில் நாம் பச்சைக்காயைப் பிழிகிறோம்.

மறிச்சுக்கட்டியும் முத்துக்குளிப்பும்

இந்த இடத்தில் மறிச்சுக்கட்டியைச் சொல்லாமல் போகமுடியாது. சிலாவத்துறைக்குத் தெற்கே, வில்பத்துக் காட்டின் ஓரத்தில், முசலிப் பிரிவில் இருக்கும் ஊர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, போர் முடிந்தபின் திரும்பிவந்த முஸ்லிம் மக்களின் ஊர்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் இந்தக் கரையில் முத்துக்குளிப்புக் காலத்தில் ஒரு நகரமே முளைத்து, சில வாரங்களில் மறைந்துவிடும். 1905 ஆம் ஆண்டுக் குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்குக் கிடைத்த வருமானம் 25 இலட்சம் ரூபாய்க்கும் மேல். 1906 இல் இங்கே பணிபுரிந்த இளம் சிவில் அதிகாரி லெனார்ட் வூல்ஃப். அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதி 1921 இல் வெளியான ‘முத்துகளும் பன்றிகளும்’ என்ற கருத்துடைய தலைப்புக் கொண்ட சிறுகதையில், முகாமில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரன் குடியால் புத்தி பேதலித்துக் கத்திக் கத்திச் சாகிறான். அதே முகாமில் ஓர் அரபுச் சுழியோடியும் இறக்கிறான். அவனுடைய தோழர்கள் அந்த உடலை அமைதியோடும் மரியாதையோடும் அனுப்பிவைக்கிறார்கள். எழுதியவர் ஒரு வெள்ளைக்கார அதிகாரி என்பதால்தான் அந்த ஒப்பீட்டுக்குக் கனம் கூடுகிறது.

மறிச்சுக்கட்டியிலிருந்து விருந்தாளி வந்தால் அவருக்கு முன்னால் எதை வைப்பது, எந்தக் கிளாஸில் வைப்பது என்ற கேள்வியைச் சின்ன விஷயமாக நான் எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் குறிப்பில் இரண்டு கலவைகளுக்கும் சம இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் அடித்தளம்

*சீனிப்பாணி:* ஒரு கப் சீனிக்கு ஒரு கப் தண்ணீர். சீனி கரையும்வரை சூடாக்கினால் போதும், கம்பிப்பதம் வரை காய்ச்சவேண்டாம். ஆறியதும் கழுவிக் காயவைத்த கண்ணாடிப் போத்தலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று வாரம் இருக்கும். பூஞ்சணம் கண்டால் முழுவதையும் ஊற்றிவிடுங்கள்.

*தேசிப்புளி:* தோல் மெல்லியதாக, கைக்குக் கனமாக இருக்கும் காயை எடுங்கள். மேசையில் உள்ளங்கையால் அழுத்தி உருட்டிவிட்டு வெட்டினால் சாறு கூடுதலாக வரும். நடுத்தரக் காய் ஒன்றில் 15 முதல் 20 மில்லிலீற்றர் வரை எதிர்பார்க்கலாம். சக்கையாகும்வரை நசுக்கவேண்டாம், தோலின் கசப்பு இறங்கிவிடும். விதையை வடித்துவிடுங்கள். அன்றைக்குப் பிழிந்ததை அன்றைக்கே பாவிக்கவேண்டும், அடுத்த நாள் மணம் மாறிவிடும். புளிப்பு கடுமையானது என்பதால் அலுமினியப் பாத்திரத்தில் வைக்கவேண்டாம்.

*ஐஸ்:* கொதித்து ஆறிய தண்ணீரில் செய்யுங்கள். கரையோரக் கிணற்றுத் தண்ணீரின் உவர்ப்பு கொதிக்கவைத்தால் போகாது. அப்படியான இடங்களில் வடிகட்டிய குடிதண்ணீர்தான் வழி. கட்டி பெரிதாக இருந்தால் மெதுவாகக் கரையும்.

ஓர் எச்சரிக்கை. தேசிக்காய் பிழிந்த கையோடு வெயிலில் நிற்கவேண்டாம். அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள ஒரு பொருள் சூரிய ஒளி பட்டதும் சருமத்தைச் சுட்டுக் கொப்புளமாக்கும். கறுப்புத் தழும்பு வாரக்கணக்கில் இருக்கும். சவர்க்காரம் போட்டுக் கைகழுவிவிட்டு முற்றத்துக்கு வாருங்கள்.

ஜின் சேர்த்த கலவை

ஒருவருக்கு: ஜின் 50 மில்லி, தேசிப்புளி 25 மில்லி, சீனிப்பாணி 20 மில்லி.

இதற்கென்று விசேட சாமான் வாங்கத் தேவையில்லை. இறுக்கமான மூடியுள்ள ஜாம் போத்தல் போதும். மூன்றையும் அளந்து ஊற்றி, போத்தலின் முக்கால்வாசிக்கு ஐஸ் போட்டு மூடி, 12 முதல் 15 விநாடி வரை பலமாகக் குலுக்குங்கள். போத்தலின் வெளிப்பக்கம் வியர்த்துக் கை குளிரும். சிறிய வடிதட்டால் கிளாஸில் வடியுங்கள். தேசித்தோலில் பச்சையான மேற்பகுதியை மட்டும் மெல்லிய கீற்றாகச் சீவி, கிளாஸுக்கு மேலே முறுக்கிப் போடுங்கள். மணம் அந்தத் தோலின் எண்ணெயில்தான் இருக்கிறது.

குலுக்கும்போது ஐஸ் கரைவதைப் பார்த்துப் பதறவேண்டாம். ஒரு கிராம் ஐஸ் கரைய 80 கலோரி வெப்பத்தை இழுக்கிறது, பானம் குளிர்வது அதனால்தான். கரைந்து சேரும் 25 மில்லி அளவான தண்ணீரும் இந்தச் செய்முறையின் ஒரு பங்கு. அது இல்லாவிட்டால் நாக்கு சுடும்.

புளி தூக்கலாக இருந்தால் பாணியை 5 மில்லி கூட்டுங்கள். நீண்ட நேரம் கையில் வைத்திருந்து குடிக்க விரும்பினால் உயரமான கிளாஸில் ஐஸ் போட்டு, கலவையை வடித்து, 100 மில்லி சோடா சேருங்கள். மன்னார் வெயிலுக்கு இதுதான் பொருத்தம். ஒரு சிட்டிகை உப்பு கசப்பை அடக்கும்.

ஜின் சேர்க்காத கலவை

ஜின்னின் குணத்தில் பெரும்பகுதி வாசனைச் சரக்குகளின் குணம். அதை மது இல்லாமலும் எடுக்கலாம். ஒரு கப் சீனிப்பாணி சூடாக இருக்கும்போதே ஒரு தேக்கரண்டி இடித்த மல்லி, இரண்டு ஏலக்காய், நான்கு மெல்லிய இஞ்சித் துண்டு, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை போட்டு மூடிவையுங்கள். பத்து நிமிடத்தில் வடித்துவிடுங்கள், கூடுதலாக ஊறினால் கறிவாசம் வந்துவிடும். இந்தப் பாணி 30 மில்லி, தேசிப்புளி 25 மில்லி, ஐஸ், சோடா 120 மில்லி. மேலே தோல் கீற்று. நோன்பு துறக்கும் நேரத்துச் சர்பத்துக்கும் இது தோதாக இருக்கும், அப்போது சோடாவுக்குப் பதில் குளிர்ந்த தண்ணீர் நல்லது.

குலுக்கும் போத்தல், வடிதட்டு, கிளாஸ் மூன்றும் வேறாக இருக்கட்டும். மது பட்ட பாத்திரத்தை அலசிவிட்டு மற்றவருக்குக் கொடுப்பது மரியாதை இல்லை. வேறு மேசையில் வைத்து, எது எது என்று வாயால் சொல்லிவிடுங்கள்.

கிளாஸுக்குள் இருக்கும் கணக்கு

40 வீத ஜின்னில் 50 மில்லி என்றால் தூய மது 20 மில்லி, நிறையில் ஏறத்தாழ 16 கிராம். உலக சுகாதார நிறுவனம் கணக்குக்குப் பாவிக்கும் ஓர் அலகு 10 கிராம். ஆகவே இந்தச் சின்னக் கிளாஸ் ஒன்றரை அலகுக்கும் மேல், 4.8 வீத பியரில் 415 மில்லி குடித்ததற்குச் சமம். ஈரல் இதைக் கழித்து முடிக்க ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுக்கும். தேசிப்புளியோ கோப்பியோ தலையில் ஊற்றும் தண்ணீரோ அந்த வேகத்தைக் கூட்டாது.

புளிப்பும் இனிப்பும் குளிரும் சேர்ந்தால் மதுவின் காரம் தெரியாது. இந்தக் கலவையின் இன்பமும் ஆபத்தும் அதுதான். தனிச் சாராயத்தை மெதுவாகக் குடிப்பவர் இதை இரண்டு மிடறில் முடித்துவிடுவார். அதனால் கையளவில் ஊற்றாமல் அளவுக் கிண்ணத்தால் அளக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறேன். மோட்டார்சைக்கிளில் வந்தவருக்கு இரண்டாவது கலவையைக் கொடுங்கள். கர்ப்பிணிகள், ஈரல் நோயாளர், இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்போர், தூக்க மாத்திரை எடுப்போர், மெற்றோனிடசோல் குளிசை எடுப்போர் மதுவைத் தொடக்கூடாது. இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பது 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். விருந்து வீட்டிலும் அந்த வயதை மதிப்பது நல்லது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

இரண்டு தவறான நம்பிக்கைகள்

ஒன்று, ஜின்னோடு டொனிக் குடித்தால் மலேரியா வராது என்பது. டொனிக்கில் கொயினா இருப்பது உண்மை. ஆனால் அமெரிக்க விதிப்படி அது லீற்றருக்கு 83 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. வளர்ந்தவருக்கு மருந்தாகக் கொடுக்கும் கொயினாவோ நாளுக்கு ஏறத்தாழ 1800 மில்லிகிராம். அந்த அளவுக்கு 20 லீற்றருக்கு மேல் டொனிக் குடிக்கவேண்டும். மன்னாருக்கு இது வெறும் வேடிக்கைக் கணக்கு இல்லை. 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியிலேயே, கிணறுகளிலும் தண்ணீர்த் தாங்கிகளிலும் பெருகும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற இந்திய நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்காவிலிருந்தோ வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் இரத்தப் பரிசோதனைதான் வழி. கிணற்றையும் தாங்கியையும் மூடிவைப்பது எந்தக் கிளாஸையும்விடப் பயன் தரும்.

மற்றது, மலிவான சரக்கையும் தேசிப்புளி போட்டால் குடித்துவிடலாம் என்பது. கசிப்பிலோ முத்திரை இல்லாத போத்தலிலோ தொழிற்சாலை மெதனோல் கலந்திருந்தால் ருசியிலும் மணத்திலும் அதைப் பிடிக்கமுடியாது. புளி அதை முறிக்காது. உடல் அதை ஃபோமிக் அமிலமாக மாற்றும்; அது கண் நரம்பை அழிக்கும். குடித்த அன்று ஒன்றும் தெரியாமல், 12 முதல் 24 மணித்தியாலம் கழித்து வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல் வந்தால் வெறி முறியாத மயக்கம் என்று படுக்கவிடாதீர்கள். 1990 ஐ அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள். என்ன குடித்தார் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கூடக் குடித்த மற்றவர்களையும் தேடிப்பிடித்து வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள், அவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கலாம்.

விருந்துக்கு ஆயத்தம் செய்யும்போது நான் பரிந்துரைக்கும் கணக்கு இது: பத்துப் பேருக்கு தேசிக்காய் இருபது, சீனிப்பாணி ஒரு போத்தல், மல்லிப்பாணி இரண்டு போத்தல். ஜின் போத்தலை மேசையில் விடாமல் ஊற்றுபவர் ஒருவரின் பொறுப்பில் வையுங்கள். முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் மல்லிப்பாணிதான், அதைக் கொஞ்சம் கூடுதலாகவே காய்ச்சி வையுங்கள்.