அவன், அவள், அவர்: இலக்கணம் காட்டும் வழி

பொங்கல் கழிந்த சில நாட்களில், என்னிடம் முன்பு தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் என் இல்லத்திற்கு வந்தார். முகத்தில் வாட்டம். காரணம் கேட்டேன். பொங்கல் விருந்திற்குக் குடும்பத்தார் கூடியிருந்தபோது எழுந்த வழக்கைச் சொன்னார்.

அவருடைய சிற்றப்பாவின் மூத்த பிள்ளை ஆண் மகனாக வளர்க்கப்பட்டவர். இப்போது, "இனி என்னை 'அவள்' என்றே சொல்லுங்கள்" என்று வீட்டாரை வேண்டிக்கொண்டார். தாத்தா சினந்தார். "ஐம்பால் வகுத்தது தமிழ். அதை ஆளுக்கு ஆள் மாற்றுவதா?" என்று கேட்டார். சிற்றன்னையோ, பிள்ளையை இழப்பதைவிட ஒரு விகுதியை மாற்றுவது எளிது என்றார். சிற்றப்பா வாய் திறக்கவே இல்லை. விருந்து பாதியில் முடிந்தது. "ஐயா, மரபு யார் பக்கம் நிற்கிறது? நான் எதைக் கொள்வது?" இதுவே மாணவரின் வினா.

நான் விடை கூறவில்லை. நூல்களை எடுத்து வைத்தேன். இருவரும் சேர்ந்து கண்டவற்றை ஈண்டுத் தருகின்றேன்.

தாத்தா கூறிய ஐம்பால் உண்மையே. ஆண்பால், பெண்பால், பலர்பால் என உயர்திணைக்கு மூன்று. ஒன்றன்பால், பலவின்பால் என அஃறிணைக்கு இரண்டு. ஆயினும் தொல்காப்பியர் அவ்வளவில் நின்றுவிடவில்லை. சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களை எடுத்துக்கொள்கிறார். அவர்களுக்கெனத் தனி விகுதி இல்லை. உயர்திணை விகுதிகளே அவர்களுக்கும் உரியன என்கிறார். அதே இயலில் மற்றொரு நூற்பா, அப்பெயர்கள் ஆண்பால் வினையோடு முடிதல் இல்லை என்று விலக்குகிறது. ஆகவே, இத்தகையோர் இருப்பதைப் பழந்தமிழ் அறியாது என்று எவரும் கூற முடியாது. அறிந்தது, அவர்களுக்கு உயர்திணையில் இடமும் தந்தது.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இன்னும் ஓர் அடி முன்னே செல்கிறார். பெண் தன்மையை விட்டு ஆண் தன்மையை அவாவுவோர் ஆண்பால். ஆண் தன்மையை விட்டுப் பெண் தன்மையை அவாவுவோர் பெண்பால் என்பது அவர் வகுத்த விதி. 'அவாவுதல்' என்ற வினையை ஆசிரியர்கள் கருதிப் பார்க்க வேண்டும். பிறந்த உடலன்று, உள்ளம் நாடும் தன்மையே இங்குப் பாலை முடிவு செய்கிறது.

மாணவரின் முகம் மலர்ந்தது. "போதும் ஐயா, தாத்தாவிடம் இதைக் காட்டினால் வழக்கு முடிந்தது" என்றார். நூற்பாவின் இறுதியையும் படிக்கச் சொன்னேன். இவ்விரு வகையினரும் அஃறிணை போலவும் கொள்ளப்படுவர் என்று அது முடிகிறது. மலர்ந்த முகம் சுருங்கிற்று. மனிதரை அஃறிணை போலச் சொல்லலாம் என்பதை இன்று எந்த ஆசிரியர் வகுப்பில் ஒப்புக்கொள்வார்? நமக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக் காட்டுவது புலமைக்கு அழகன்று. மரபில் கொள்ளத்தக்கதும் உண்டு, தள்ளத்தக்கதும் உண்டு. இரண்டையும் கண்டபின் தெளிவதே தெளிவு.

அடுத்து 'அவர்' என்னும் சொல்லைப் பார்த்தோம். அது பலர்பாலுக்கு உரியது. ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கில் வந்த உயர்வுச் சொல்லே அன்றி இலக்கண நெறி ஆகாது என்று தொல்காப்பியர் வெளிப்படையாகவே கூறுகிறார். ஆயினும் வழக்கு வென்றது. 'அவர்' ஒருமைக்கு வந்துவிடவே, பன்மைக்கு 'அவர்கள்' தேவைப்பட்டது. அதன் 'கள்' விகுதியோ தொல்காப்பியத்தில் அஃறிணைப் பெயருக்கு உரியது. இன்று 'அவர்கள்' என்று எழுதும் மாணவனுக்கு எவரும் பிழை போடுவதில்லை. தாத்தா தம் ஆசிரியரை 'அவர்' என்று சொல்லும்போது, ஒரு பழைய விதியை மதிப்பின்பொருட்டு மீறுகிறார் அன்றோ?

'ஒருவர்' என்னும் சொல் ஆண், பெண் இருபாலுக்கும் உரியது என்பதும் தொல்காப்பியமே. இக்கட்டுரையில் வரும் மாணவர் ஆணா பெண்ணா என்று நான் இதுவரை சொல்லவில்லை. படிப்போர்க்கு அதனால் இடர் நேர்ந்திராது. பேச்சு வழக்கில் 'அவரு' பெரும்பாலும் ஆணையும், 'அவங்க' பெண்ணையோ பலரையோ குறிக்கும் என்பது உண்மை. எழுத்துத் தமிழிலோ 'அவர்' பொதுவாகவே நிற்கிறது.

பெயர்ச்சொல்லால் குடும்பம் கலங்குவது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், 'நீ' எனப் பொருள்படும் 'தௌ' என்ற சொல்லுக்குப் பதிலாக, பன்மைச் சொல்லான 'யூ' என்பதைப் பெரியோர்க்கு வழங்கினர். குவேக்கர் என்னும் சமயத்தார், ஒருவரைப் பன்மையில் அழைப்பது பொய்யும் முகமனும் ஆகும் என்று மறுத்தனர். 1660இல் ஜார்ஜ் ஃபாக்ஸும் அவருடைய தோழர்களும், ஆசிரியர்களுக்கு ஒருமை பன்மை கற்பிப்பதாகவே ஒரு நூலை வெளியிட்டனர். அந்நெறியைத் தழுவிய தாமஸ் எல்வுட் என்ற இளைஞர், தந்தையின் முன் தொப்பியைக் கழற்றாமல் நின்று, அவரையும் 'தௌ' என்றே அழைத்தார். தந்தையிடம் அடிபட்டதை அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். இலக்கணம் மகன் பக்கம். வழக்கு தந்தை பக்கம். முடிவில் வழக்கே வென்றது. 'யூ' இன்று அனைவர்க்கும் பொது. வென்ற சொல் நிலைத்தது. பட்ட அடியை மட்டும் எவரும் திரும்பப் பெற முடியவில்லை.

நம் அண்டை வீட்டாரையும் பாருங்கள். மலாய் மொழியின் 'டியா' ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. சீனத்தில் பேச்சொலி இருவர்க்கும் 'தா' என ஒன்றே. பெண்ணுக்கெனத் தனி எழுத்து வேண்டும் என்று லியூ பான்நொங் 1920இல் வாதிட, அது பின்னரே நிலைபெற்றது. பால் காட்டுவதாலோ காட்டாததாலோ ஒரு மொழி உயர்வதும் இல்லை, தாழ்வதும் இல்லை.

தமிழகத்தில் 2008இல் திருநங்கையர்க்கென அரசு நலவாரியம் அமைந்தது. தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து கூறும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15ஆம் நாள் தீர்ப்பளித்தது. இத்தகையோரைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களின் தொகுதி ஒன்றைத் தமிழக அரசு 2022இல் வெளியிட்டது. சிங்கப்பூரையும் மலேசியாவையும் அத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் சொல் இரு கரைக்கும் பொது.

என் கருத்தைக் கேட்டார் மாணவர். சொன்னேன்: ஒரு மனிதர் தம்மை எப்பாலாக உணர்கிறாரோ அப்பாலால் அவரைச் சொல்வதற்கு நன்னூலின் முற்பகுதியில் இடம் இருக்கிறது. அதற்கு நா இன்னும் வராத முதியோர்க்கு 'அவர்' என்னும் சொல் பாலமாகலாம். ஆனால் இது என் தெளிவு. என் சொல்லை நம்பித் தாத்தாவை எதிர்ப்பதும், தாத்தாவின் சொல்லை நம்பி உடன்பிறந்தார் போன்றவரை ஒதுக்குவதும் ஒன்றே. இரண்டிலும் சொந்த ஆராய்ச்சி இல்லை.

மாணவர் நன்னூலை இரவல் கேட்டார். தாத்தாவோடு அமர்ந்து அந்நூற்பாவை முழுமையாகப் படிக்கப் போவதாகச் சொன்னார். மகிழ்ந்து கொடுத்தேன். விடையைச் சொல்லி அனுப்புவது எளிது. நூலைக் கொடுத்து அனுப்புவதே ஆசிரியர் கடன்.