காதுக்குள் ஓடும் கடிகாரம்

அருங்காட்சியகங்களில் காதில் மாட்டிக்கொள்ளத் தரும் ஒலிவழிகாட்டியின் வரலாற்றைப் பெரும்பாலும் விடுதலைக் கதையாகவே சொல்லிவருகிறார்கள். முன்பெல்லாம் வழிகாட்டியின் பின்னால் கும்பலாக நடந்தோம், கருவி வந்தது, அவரவர் விருப்பப்படி நின்று கேட்கிறோம் என்று போகும் அந்தக் கதை. கருவிகளை வந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் இது நொண்டுகிறது. முதல் ஒலிவழிகாட்டி, பார்வையாளரை எந்த மனித வழிகாட்டியும் கட்டாத அளவுக்கு இறுக்கிக் கட்டியது. இடையில் கயிறு தளர்ந்தது. கூடத்துக்குள் அசையும் படம் வந்ததும் மறுபடி இறுகியது. காட்சிக்கும் ஒலிக்கும் பொதுவான கடிகாரம் யாரிடம் இருப்பது, நிலையத்திடமா கேட்பவரிடமா என்ற வழக்குதான் இந்தத் தொழிலின் வரலாறு. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

ஒலியையும் காட்சியையும் பார்வையாளருக்காகப் பொருத்தும் சிக்கலுக்கு முதலில் கிடைத்த பெரிய விடை, பார்வையாளரையே நகர்த்திவிடுவது. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்காக நார்மன் பெல் கெடிஸ் வடிவமைத்த ‘ஃப்யூச்சராமா’வில், எதிர்கால அமெரிக்காவின் மாபெரும் மாதிரியைச் சுற்றி 552 நாற்காலிகள் இடைவிடாமல் ஊர்ந்தன. நாற்காலி எந்த நகரத்துக்கு மேலே வருகிறதோ அந்த நகரத்தைப் பற்றிய பேச்சு, உட்கார்ந்திருப்பவரின் காதருகே ஒலித்தது. முன்னால் போகும் நாற்காலி ஒன்றைக் கேட்க, பின்னால் வருவது வேறொன்றைக் கேட்டது. பொருத்தம் கச்சிதம். ஆனால் ஒன்றை இன்னொரு கணம் பார்க்கலாமே என்று நினைத்தவருக்கு அங்கே வழியில்லை.

1952இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடெலிக் அருங்காட்சியகம் நாற்காலியை எடுத்துவிட்டுக் கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டது. அதை நடத்தியவர் வில்லெம் சான்ட்பெர்க், அருங்காட்சியகத்தின் கதவுகளை எல்லோருக்கும் திறந்துவிட நினைத்த மனிதர். கூடத்தைச் சுற்றி வளைய ஆன்டெனா ஒன்று ஓடியது. பதிவு செய்த உரையை டேப் இயந்திரம் ஒன்று அதன் வழியே சிற்றலையில் ஒலிபரப்பியது. கையில் சிறு வானொலிப் பெட்டியும் காதில் இயர்போனுமாகப் பார்வையாளர்கள் டச்சு, பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் ஆகிய நான்கில் ஒரு மொழியில் கேட்டார்கள். ஒலிபரப்பு யாருக்காகவும் நிற்காது. ஆகவே ஒரு குழுவில் எல்லோரும் ஒரே நொடியில் ஒரே ஓவியத்தின் முன் நின்றாக வேண்டும், ஒரே நொடியில் அடுத்ததற்கு நகர்ந்தாக வேண்டும். மனித வழிகாட்டியாவது பின்தங்கிய பாட்டி வந்து சேரட்டும் என்று ஒரு மூச்சு பொறுப்பார். ஆன்டெனாவுக்குப் பாட்டி தெரியாது.

அதே 1952இல் பிரான்சின் ஷம்போர் அரண்மனையில் பால் ராபர்ட்-ஹூதன் முதல் ஒளி-ஒலிக் காட்சியை நடத்தினார். (புகழ்பெற்ற மந்திரவித்தைக்காரர் ராபர்ட்-ஹூதனின் வழித்தோன்றல் இவர், வித்தை குடும்பத்தை விட்டுப் போகவில்லை.) இங்கே பார்வையாளர் ஓரிடத்தில் இருக்க, கட்டடத்தின் மேல் வெளிச்சம் நடந்தது. இந்த முறை இந்தியாவுக்கு வேகமாக வந்தது. 1965இல் டெல்லி செங்கோட்டை, பிறகு மதுரையில் திருமலை நாயக்கர் மகால். மதுரையில் சிலப்பதிகாரக் கதையையும் நாயக்கர் வரலாற்றையும் சொல்லும் காட்சி மாலையில் ஆங்கிலத்தில் ஒருமுறை, அதன்பின் தமிழில் ஒருமுறை என்று நடந்துவந்தது. ஒலிபெருக்கி ஒரு நேரத்தில் ஒரு மொழிதான் பேசும் என்பதால் மொழி நேரமாக மாறிவிட்டது. தமிழில் கேட்க வந்தவருக்கு வேறு பொழுது, வேறு கூட்டம். ஆம்ஸ்டர்டாமின் இயர்போன் 1952இலேயே தீர்த்து வைத்திருந்த சிக்கல் இது. மொழிகளை ஒரே கூடத்தில் ஒன்றாக உட்கார வைத்தது அந்த முறையின் உண்மையான சாதனை. நேரத்தைப் பறித்தது அதற்கு வாங்கிய விலை.

கயிறு தளர்ந்தது 1957இல். நியூயார்க் மாநிலத்து ஹைட் பார்க்கில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் வாழ்ந்த வீட்டுக்கு அக்கூஸ்டிகைடு நிறுவனம் தயாரித்த பதிவில் அவர் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டே பேசினார். ஒலி பார்வையாளர் தூக்கிச் செல்லும் இயந்திரத்துக்குள் வந்துவிட்டதால் நிறுத்தவும் தொடரவும் அவருக்கு உரிமை கிடைத்தது. ஆனாலும் டேப் ஒற்றைக் கோடுதான், வரிசையை மீற முடியாது. 1990களில் டிஜிட்டல் கருவிகள் அந்தக் கோட்டையும் வெட்டின. ஓவியத்தின் அருகே ஒட்டிய எண்ணை அழுத்தினால் அதற்கான உரை வரும். இந்த இடத்தோடு கதையை நிறுத்திக்கொண்டால் விடுதலை வரலாறு சரியாகவே இருக்கும்.

ஆம்ஸ்டர்டாமின் இறுக்கம் அக்காலத் தொழில்நுட்பத்தின் குறை, யாரும் விரும்பிச் செய்ததல்ல என்று என் வாதத்துக்கு ஒருவர் மறுப்புச் சொல்லலாம். பாதி உண்மைதான். நடக்கிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு டேப் இயந்திரத்தை 1952இல் கொடுத்திருக்க முடியாது. ஆனால் அல்கட்ராஸ் சிறைக்கு என்ன சொல்வது? 1987இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள அந்தத் தீவுக்கு ஆன்டெனா என்ற நாடகக் குழு ஒலிப்பயணம் தயாரித்தபோது சட்டைப் பைக்குள் அடங்கும் வாக்மேன் சந்தைக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பார்வையாளரை அவர் போக்கில் விட்டிருக்கலாம். அவர்கள் செய்தது நேர்மாறு. அங்கே இருந்த காவலர்கள், கைதிகள் ஆகியோரின் சொந்தக் குரல்கள் இப்போது திரும்பு, இந்த அறைக்குள் பார், இந்த நடைவழியில் நட என்று அடிக்கு அடி ஆணையிட்டன. இரும்புக் கதவுச் சத்தமும் காலடிச் சத்தமும் அந்த நடையோடு கோத்திருந்தன. சிறைக்கு ஏற்ற வழிகாட்டி என்று சிரிக்கலாம். ஆனால் ஒலிவழிகாட்டிகளில் மிகவும் பாராட்டுப் பெற்றவற்றில் ஒன்று அது. எண்ணை அழுத்திக் கேட்கும் கருவியால் தகவல் சொல்ல முடியும். கதை சொல்ல, கேட்பவர் கொஞ்ச நேரம் தன் கடிகாரத்தைக் கழற்றித் தர வேண்டியிருக்கிறது.

அடுத்த திருப்பத்தைக் கொண்டுவந்தவை திரைகள். ஓவியமும் சிலையும் காத்திருக்கும், எப்போது கேட்டாலும் பொருந்தும். கூடத்தில் ஓடும் படம் காத்திருக்காது. நான்கைந்து திரைகளை ஒரே கூடத்தில் ஒலியோடு ஓட விட்டால் சந்தை இரைச்சல். எனவே திரையை ஊமையாக்கி ஒலியைக் காதுக்குள் அனுப்பினார்கள். படத்தை ஓட்டும் இயந்திரம் தான் எத்தனையாவது நொடியில் இருக்கிறது என்பதை அகச்சிவப்புக் கதிர் வழியாகவோ வானலை வழியாகவோ சொல்லிக்கொண்டே இருக்கிறது. கையிலுள்ள கருவி அதைப் பிடித்து, தன்னிடமுள்ள மொழிப்பதிவை அதே நொடியிலிருந்து ஓட்டுகிறது. இரண்டு கடிகாரங்களும் மெல்ல விலகும் என்பதால் அவ்வப்போது திருத்திக்கொள்கிறது. பாதிப் படத்தில் வந்தவர் பாதியிலிருந்துதான் கேட்பார். ஆம்ஸ்டர்டாமின் ஆன்டெனா வேறு உடையில் திரும்பி வந்துவிட்டது.

இதெல்லாம் பொறியாளர் கவலை, வரலாற்றில் இடம்பெறும் அளவுக்குப் பெரிதா என்றும் கேட்கலாம். பெரிதுதான், ஏனென்றால் இங்கே எல்லை போடுவது மனிதக் காது. ஒளிபரப்புக்காகப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் தந்த பரிந்துரையின்படி, ஒலி படத்தை 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். பிந்தினால் 125 மில்லிநொடி வரை உணரமாட்டார். இந்த ஓரவஞ்சனைக்கு எளிய விளக்கம் ஒன்று உண்டு. ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவரின் கை விழுந்த பிறகுதான் சத்தம் நம்மை வந்து சேரும், அந்தத் தாமதம் நமக்குப் பழக்கம். சத்தம் முந்திக்கொண்டு வருவதை இயற்கை ஒருபோதும் காட்டியதில்லை. ப்ளூடூத் ஹெட்போன்கள் பல இந்த 125ஐ எளிதாகத் தாண்டிவிடுகின்றன என்பது கூடம் அமைப்பவர்களின் தலைவலி. விலகல் உறுத்துவதிலும் வேறுபாடு உண்டு. உதட்டசைவு டச்சிலும் ஒலி தமிழிலும் இருந்தால், டப்பிங் படம் பார்த்து வளர்ந்த நம் கண் பெரிதாகச் சண்டைக்கு வராது. பேசுகிறவரின் சொந்த மொழியிலேயே கேட்பவருக்குத்தான் சின்ன விலகலும் உறுத்தும்.

பொதுக் கடிகாரம் எப்போதும் நிலையத்தின் ஆணை என்று முடிவு கட்டவும் முடியவில்லை. தனித்தனிக் காதுகள் தனித்தனி நேரத்தில் இருந்தால், சேர்ந்து வந்த இருவரில் ஒருவர் சிரிக்கும்போது மற்றவர் ஏன் என்று தெரியாமல் விழிப்பார். 2016இல் சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டபோது வெளிவந்த கைபேசிச் செயலி, நடப்பவர் நிற்கும் இடத்தை அறிந்து பேசியது. அதில் இன்னொரு வசதியும் இருந்தது: நண்பர்கள் தங்கள் கைபேசிகளை இணைத்துக்கொண்டால் எல்லோருக்கும் ஒரே சொல் ஒரே நொடியில் கேட்கும்.