வைத்தியத் தவறும் நமது உரிமையும்: மையித்து வீட்டிலிருந்தே ஓடத் தொடங்கும் காலக்கெடு

வைத்தியசாலையில் ஒருவர் மௌத்தானால் நமது வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "மையித்தை எப்போது தருவார்கள்?" என்பதுதான். ஜனாஸாவைத் தாமதிக்காமல் நல்லடக்கம் செய்வது நமது கடமை. 2020இல் கட்டாயத் தகனத்தின் வேதனையை அனுபவித்த சமூகத்துக்கு, உடல் வைத்தியசாலையில் கூடுதலாக ஒரு மணித்தியாலம் இருப்பதும் அச்சத்தைத் தருகிறது.

மூன்று நாட்கள் கழிந்த பின்னர்தான் அடுத்த கேள்வி எழும். "அந்த ஊசியைப் போட்ட பிறகுதானே மூச்சுத் திணறியது?", "இரவு முழுவதும் டாக்டர் ஏன் வரவில்லை?" அதற்குள் முக்கியமான சான்று மண்ணுக்குள் போயிருக்கும். "அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்லி எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். ஒரு வருடம் கழித்து யாராவது சட்டத்தரணியிடம் போனால், கையில் ஒரு மரணச் சான்றிதழைத் தவிர வேறொன்றும் இருக்காது.

கத்ரும் பொறுப்பும்

கத்ரை ஏற்பதும் தவறு செய்தவரிடம் பொறுப்புக் கேட்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. தவறுதலாக நடந்த கொலைக்கும் தியத் விதித்த மார்க்கம் நம்முடையது. மருத்துவம் அறியாமல் சிகிச்சை செய்தவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்துடைய ஹதீஸ் அபூதாவூத், நஸாஈ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. தகுதியான வைத்தியர் முறைப்படி சிகிச்சை அளித்தும் நோயாளி இறந்தால் அவர் மீது குற்றமில்லை என்றும் இமாம்கள் விளக்கியுள்ளனர். இன்றைய சட்டத்தின் நிலைப்பாடும் ஏறத்தாழ இதுவே.

பிரேத பரிசோதனை குறித்தும் தெளிவு தேவை. சந்தேகத்துக்குரிய மரணத்தின் காரணத்தைக் கண்டறியும் தேவைக்காக அதனை அனுமதிக்கலாம் என உலக முஸ்லிம் லீக்கின் பிக்ஹு சபை 1987இல் மக்காவில் தீர்மானித்தது. தேவையில்லாத இடத்தில் அதைத் தவிர்க்கக் கோருவது நமது உரிமை. நியாயமான சந்தேகம் உள்ள இடத்தில் நாமே அதைத் தடுப்பது, இறந்தவரின் உரிமையை நாமே புதைப்பதற்குச் சமம்.

எது தவறு?

ஒவ்வொரு மரணமும் கவனயீனத்தால் ஏற்பட்டதல்ல. சிகிச்சையில் ஆபத்து உண்டு. சில நோய்கள் கைமீறியே வரும். வழக்காடுபவர் மூன்று விடயங்களை நிரூபிக்க வேண்டும். நியாயமான திறமையுள்ள வைத்தியர் ஒருவரிடம் எதிர்பார்க்கப்படும் கவனம் காட்டப்படவில்லை, பாதிப்பு ஏற்பட்டது, அந்தப் பாதிப்புக்கு அந்தக் கவனயீனமே காரணம்.

மூன்றாவதுதான் மிகக் கடினமானது. பேராசிரியர் பிரியானி சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கு இதற்குச் சான்று. மூளைத் தண்டில் கட்டியிருந்த சிறுமிக்கு வேறொரு நோய் என முடிவு செய்யப்பட்டது. 1992இல் சிறுமி இறந்தார். மாவட்ட நீதிமன்றம் தந்தைக்கு 50 இலட்சம் ரூபா வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பெருமளவு குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம், கவனயீனம் இருந்தாலும் அதுவே மரணத்தை ஏற்படுத்தியது என்பது நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி நட்டஈட்டை முற்றாக நீக்கியது. பிள்ளையின் அன்பையும் தோழமையையும் இழந்ததற்கு நமது பொதுச் சட்டத்தில் நட்டஈடு இல்லை என்பதும் அந்த வழக்கில் வெளிப்பட்டது.

இந்த இரண்டாவது குறையைப் போக்க வந்ததே, ஆளொருவரின் மரணத்துக்காக நட்டஈடு அறவிடுவது தொடர்பான 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம். பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவினர்கள் இப்போது மன வேதனைக்கும் பராமரிப்பு இழப்புக்கும் நட்டஈடு கோரலாம். இது நம்மில் பலருக்கு இன்னும் தெரியாது.

சத்திரசிகிச்சைக்கு முன் ஒப்பமிட்ட சம்மதப் படிவத்தைக் காட்டி "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்வோரும் உண்டு. நீங்கள் சம்மதித்தது சிகிச்சைக்கும் அதன் இயல்பான ஆபத்துகளுக்குமே. கவனயீனத்துக்கு யாரும் சம்மதம் கொடுப்பதில்லை.

எங்கே போவது, எப்போது?

நட்டஈட்டு வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படும். 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி இரண்டு வருடங்களுக்குள் வழக்கிட வேண்டும். அரச வைத்தியசாலை ஊழியர்களின் தவறுக்கு அரசும் பொறுப்பாகும் என 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. ஆனால் சட்டமா அதிபர் மீது வழக்கிடுவதற்கு ஒரு மாதத்துக்கு முன் எழுத்துமூல அறிவித்தல் கொடுக்க வேண்டும். எனவே இரண்டு வருடம் முடியும் தறுவாயில் சட்டத்தரணியைத் தேடுவது ஆபத்தானது.

அரச வைத்தியசாலையில் நடந்தது அடிப்படை உரிமை மீறலாகவும் இருந்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கு உள்ள காலம் ஒரு மாதம் மட்டுமே. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது.

இலங்கை மருத்துவ சபை வைத்தியரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம், நட்டஈடு வழங்காது. தனியார் வைத்தியசாலை என்றால் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையிடமும் முறையிடலாம். கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின் கீழ் குற்றமாகும். அதற்குப் பொலிஸில் முறையிட வேண்டும். ஒரு வழியைத் தேர்ந்ததால் மற்றைய வழிகள் அடைபடுவதில்லை.

முதல் நாட்களில் செய்ய வேண்டியவை

சந்தேகம் இருந்தால் மையித்தைப் பொறுப்பேற்கும் முன்பே வைத்தியசாலை நிர்வாகத்திடமும் பொலிஸிலும் அதைச் சொல்லுங்கள். திடீர் மரண விசாரணை அதிகாரியோ நீதவானோ பிரேத பரிசோதனைக்கு உத்தரவிடலாம். விரைவாக முடித்துத் தருமாறு கேட்பதும் உங்கள் உரிமை. அடக்கிய பின்னரும் தோண்டி எடுத்துப் பரிசோதிக்க நீதவானால் உத்தரவிட முடியும். ஆனால் அந்த வேதனையை எந்தக் குடும்பமும் விரும்பாது.

அன்றிரவே நடந்தவற்றை நேர வரிசைப்படி எழுதி வையுங்கள். எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது, யார் என்ன சொன்னார் என்பதைக் குறியுங்கள். டயக்னோசிஸ் காட், பரிசோதனை அறிக்கைகள், பில்கள், மருந்துச் சீட்டு, மீதி மருந்து எதையும் வீசாதீர்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றுப் பாதிக்கப்பட்டவர், 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமது மருத்துவப் பதிவுகளைத் தமிழிலேயே விண்ணப்பித்துக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இறந்தவரின் பதிவுகளை நீதிமன்றம் ஊடாக வரவழைக்கலாம். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

2022 டிசம்பரில் கொழும்பு சீமாட்டி ரிஜ்வே வைத்தியசாலையில், பழுதடைந்த ஒரு சிறுநீரகத்தை அகற்றச் சென்ற நமது மூன்று வயதுச் சிறுவன் இரண்டையும் இழந்தான். 2023 ஜூலையில் மௌத்தானான். பெற்றோர் மௌனமாக இருக்கவில்லை. அதனால்தான் அந்த மரணம் நீதவான் விசாரணைக்குச் சென்றது, நாடும் அதைப் பற்றிப் பேசியது.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஜனாஸா நலன்புரிச் சங்கங்களும் ஊரிலுள்ள ஒரு சட்டத்தரணியின் தொலைபேசி இலக்கத்தை, கபன் துணியோடும் சந்தூக்கோடும் சேர்த்துத் தயாராக வைத்திருக்கலாம். துக்கத்தில் இருப்பவருக்குச் சட்டம் நினைவுக்கு வராது. பக்கத்தில் நிற்பவருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும்.