தேவாசிரிய மண்டப ஓவியங்களும் ஒளிப்பட ஆவணமாக்கலும்

திருவாரூர் தியாகராஜ சுவாமி கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்துக்குத் தேவாசிரிய மண்டபம் என்று பெயர். தஞ்சை மராத்திய மன்னர் சகஜி (1684–1712) காலத்தை ஒட்டி, அதன் விதானத்தில் முசுகுந்த சக்கரவர்த்தியின் கதை ஓவியமாகத் தீட்டப்பட்டது. ஓவியர் சிங்காதனம் தம் பெயரையும் அங்கே எழுதிவைத்திருக்கிறார். அக்காலக் கோயில் ஓவியர்களில் பெயர் தெரிந்தவர்கள் மிகச் சிலரே.

குரங்கு முகத்தோடு பிறந்த முசுகுந்தர், அசுரரோடு நடந்த போரில் இந்திரனுக்குத் துணைநின்றார். அதற்குப் பரிசாகத் தியாகராஜர் திருமேனியைக் கேட்டார். கொடுக்க மனம் வராத இந்திரன், அதைப் போலவே வேறு ஆறு செய்வித்து முன்னே வைத்தான். முசுகுந்தர் உண்மையானதைக் கண்டுகொண்டார். ஏழு திருமேனிகளும் அவருக்கே கிடைத்தன. அவை நிறுவப்பட்ட திருவாரூர் முதலான ஏழு விடங்கத் தலங்களின் தலவரலாறு இது. தேவலோகக் கதையோடு திருவாரூர்த் திருவிழாவின் ஊர்வலமும் ஆடல் மகளிரும் வாணவேடிக்கையும் கலந்து வருவதே இவ்வோவியங்களின் தனிச்சிறப்பு.

காட்சிகளுக்குத் தமிழில் சிறு குறிப்புகள் உண்டு. ஆகவே இது நடந்தபடியே படித்துச் செல்லும் கதை. ஆனால் நீர்க்கசிவாலும் பராமரிப்பின்மையாலும் வண்ணம் உதிர்ந்தபின், கீழே நிற்பவருக்கு உருவங்களே மங்கலாகத்தான் தெரிந்தன. எழுத்தை எங்கே படிப்பது?

இந்நிலையை மாற்றியதில் ஒளிப்படக் கலைஞர் வி. கே. ராஜாமணியின் பங்கு பெரிது. அவர் எடுத்த படங்களோடு, இந்தியவியல் அறிஞர் டேவிட் ஷுல்மனும் அவரும் சேர்ந்து உருவாக்கிய ஆங்கில நூலைச் சென்னை பிரகிருதி அறக்கட்டளை 2011இல் வெளியிட்டது. ஓவியங்களைச் சீர்செய்யும் பணியை, மரபுச் செல்வங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு மேற்கொண்டது. படத்தைக் கண்மட்டத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்க்கும்போது கதையின் வரிசையும் குறிப்பின் எழுத்தும் பிடிபடுகின்றன. உதிர்ந்த வண்ணத்தை ஒளிப்படம் மீட்டுத் தராது. ஆனால் இனியும் உதிர்ந்தால், முன்பு என்ன இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

தஞ்சைப் பெரிய கோயிலில் இத்தகைய ஒளிப்படங்களின் தேவை இன்னும் கூடுதல். எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்த சோழர் ஓவியங்கள் கருவறையைச் சுற்றிய குறுகிய உள்வழியில் இருப்பதால், பொதுமக்கள் அவற்றைப் பெரும்பாலும் படங்களின் வழியாகவே அறிவர். திருவாரூரில் ஓவியங்களை நேரில் காண அத்தகைய தடை இல்லை. படங்களில் கதை வரிசையை அறிந்துகொண்டு மண்டபத்துக்குச் செல்லுங்கள். பூட்டியிருந்தால் கோயில் அலுவலகத்தில் கேளுங்கள். சுவரையும் தூணையும் தொடாமல் பாருங்கள்.