திறப்பு எவ்வளவு நேரம் கையில் இருக்கலாம்? கணினி அனுமதியின் கதை

1962. அமெரிக்காவின் எம்.ஐ.ரி பல்கலைக்கழகத்தில் அலன் ஷேர் என்ற ஆய்வு மாணவருக்குக் கணினி நேரம் காணாது. அங்கே ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு உருவாக்கிய சி.ரி.எஸ்.எஸ் என்ற அமைப்பு, ஒரே பெரிய கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பாவிக்க வழி செய்திருந்தது. ஆனால் நேரத்தை ஆளுக்கு இவ்வளவு என்று அளந்துதான் கொடுத்தார்கள். ஷேருக்குக் கிழமைக்கு நாலு மணித்தியாலம். எந்தக் கோப்பை அச்சிட வேண்டும் என்று துளையிட்ட அட்டையில் கேட்டால் அச்சிட்டுத் தரும் வசதியும் அங்கே இருந்தது. ஷேர் கேட்டது பாஸ்வேர்ட்டுகள் இருந்த கோப்பை. எல்லாருடைய பாஸ்வேர்ட்டும் தாளில் வந்து சேர்ந்தது.

ஐ.ரி படிக்கிற ஆக்கள் இதைப் பகிடியாகச் சொல்லுவார்கள். எங்களுக்கு அதில் வேறொரு விசயம்தான் கண்ணில் பட்டது. அந்த அமைப்பு கணினி நேரத்தைக் கஞ்சத்தனமாகப் பங்கிட்டது. பாஸ்வேர்ட் அப்படியில்லை. யாராவது மாற்றும் வரைக்கும் அது திறந்துகொண்டேதான் இருக்கும். நீ யார், உனக்கு எது என்ற இரண்டு கேள்விகளும் கணினிக்குள் சீக்கிரமே வந்துவிட்டன. எப்ப வரைக்கும் என்ற மூன்றாவது கேள்வி ஒழுங்காக வந்து சேர அரை நூற்றாண்டு எடுத்தது.

இன்றைக்குப் பெரிய மென்பொருள் கம்பனிகளில் 'ஜஸ்ட் இன் டைம் அக்சஸ்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. வாடிக்கையாளர்களின் தரவுத்தளத்துக்கான திறப்பு ஒருவரிடமும் நிரந்தரமாக இருக்காது. தேவை வந்தால் காரணத்தை எழுதிக் கேட்க வேண்டும், இன்னொருவர் பார்த்துச் சம்மதிக்க வேண்டும், ஒரு மணித்தியாலத்துக்குக் கிடைக்கும், பிறகு தானாகவே போய்விடும். யோசித்துப் பார்த்தால் இது சாதாரண புத்தி. அப்படியென்றால் ஏன் இவ்வளவு காலம் எடுத்தது?

ஒரு காரணம் யுனிக்ஸ். 1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கிய அந்த இயங்குதளத்தில் 'ரூட்' என்று ஒரு பயனர் உண்டு. ரூட்டுக்குத் தடை என்று ஒன்று கிடையாது. மற்றவர்கள் எல்லாரும் சாதாரண ஆக்கள். ஒன்றில் நீ அரசன், இல்லாவிட்டால் குடிமகன், நடுவில் எதுவும் இல்லை. ஒரு சின்னத் திருத்தம் செய்யவும் ரூட் பாஸ்வேர்ட்டையே கொடுக்க வேண்டி வந்தது. ஒருவருக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்க ஒரே வழிதான்: பாஸ்வேர்ட்டை மாற்றி மற்ற எல்லாருக்கும் புதிதாகச் சொல்வது. யார் அந்தக் கரைச்சலை எடுப்பார்கள்?

1975 இல் ஜெரோம் சால்ட்சரும் மைக்கல் ஷ்ரோடரும் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். கணினிப் பாதுகாப்புப் படிப்பில் இன்றும் அதைத் தவிர்க்க முடியாது. ஒரு வேலையை முடிக்க எவ்வளவு அதிகாரம் தேவையோ அவ்வளவு மட்டுமே கொடு என்பது அதிலிருந்த தத்துவங்களில் ஒன்று. வேலை முடிந்தால் அதிகாரமும் முடிய வேண்டும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது என்றுதான் நாங்கள் வாசிக்கிறோம். நடைமுறையில் ஆட்கள் 'எவ்வளவு' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, 'முடியும்போது' என்பதை விட்டுவிட்டார்கள்.

1980 அளவில் நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பொப் கொக்ஷோலும் கிளிஃப் ஸ்பென்சரும் 'சூடோ' என்ற சின்ன நிரலை எழுதினார்கள். ரூட் பாஸ்வேர்ட்டைக் கொடுக்காமல், குறிப்பிட்ட கட்டளைகளை மட்டும் ரூட்டாக ஓட்ட அது விட்டது. லினக்ஸ் பாவிக்கிறவர்களுக்குத் தெரியும், இப்போதைய சூடோவில் ஒருமுறை பாஸ்வேர்ட் அடித்தால் சில நிமிடங்களுக்கு மறுபடி கேட்காது, பிறகு கேட்கும். அந்தச் சில நிமிடம் சின்ன விசயம் மாதிரித் தெரிந்தாலும், அதிகாரத்துக்கு ஒரு மணிக்கூடு கட்டியாயிற்று.

நேரத்தை உண்மையாகவே மையத்தில் வைத்தது கெர்பரொஸ். 1983 இல் எம்.ஐ.ரி தொடங்கிய அத்தீனா திட்டத்தில், வளாகம் முழுக்கக் கணினிகளைப் பரப்பி மாணவர்கள் எதிலும் இருந்து வேலை செய்யலாம் என்று ஆக்கினார்கள். அதற்காகப் பிறந்த கெர்பரொஸில் பாஸ்வேர்ட் வலையமைப்பில் போவதே இல்லை. மத்திய சேர்வர் ஒரு ரிக்கற் தரும், அந்த ரிக்கற்றுக்கு ஆயுள் உண்டு. பஸ் ரிக்கற் மாதிரித்தான். நான்காம் பதிப்பில் அந்த ஆயுளை ஐந்து நிமிடத் துண்டுகளாக எண்ணி ஒரே பைட்டில் எழுதியதால், ஆகக்கூடியது 21 மணித்தியாலமும் 15 நிமிடமும். நாள்கணக்கில் ஓடும் கணிப்புகளுக்கு இது காணாது என்ற குறை வந்து, அடுத்த பதிப்பில் மாற்றினார்கள். எல்லாக் கணினிகளின் மணிக்கூடுகளும் ஏறத்தாழ ஒன்றாக ஓடவும் வேண்டும். கொடுத்த ரிக்கற்றைத் திருப்பி வாங்க முடியாது என்பதால்தான் ஆயுளைக் குறுக்கினார்கள். இந்தத் தர்க்கத்தை நினைவில் வைத்திருங்கோ, திரும்ப வரும்.

ஆனால் கெர்பரொஸ் சொன்னது 'இவர் இன்னார்' என்பதை மட்டும். இன்னாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியல் வேறெங்கோ இருந்தது. அதில் ஏறின பெயர் இறங்குவது அபூர்வம். உங்கட ஊர்க் கழகத்தின் முகநூல் பக்கத்தில் யார் யார் அட்மின் என்று ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. கனடா போய்ப் பத்து வருசமான ஒருவர் அதில் இருந்தால் நாங்கள் ஆச்சரியப்பட மாட்டோம்.

பிறகு வந்தவை இந்தப் போக்கைப் பின்னுக்கு இழுத்தன. 1995 இல் பின்லாந்தின் டாட்டு யிலோனென் எழுதிய எஸ்.எஸ்.எச், பாஸ்வேர்ட் திருடப்படும் பிரச்சினையை அழகாகத் தீர்த்தது. ஆனால் சேர்வரில் ஒட்டிவைத்த எஸ்.எஸ்.எச் திறப்புக்கு வழக்கமாகக் காலாவதி கிடையாது. கொண்டுவந்தவர் வேலையை விட்டுப் போனாலும் திறப்பு அங்கேயே கிடக்கும். 2006 இல் அமேசன் தன் கிளவுட் சேவையைத் தொடங்கியபோதும் இதே கதை. அங்கே திறப்பு என்பது ஒரு நீண்ட எழுத்துவரிசை. அதை நிரலுக்குள் எழுதி வைத்துவிட்டால் வேலை சுலபம். ஒரே கணக்குக்குள் ஆளுக்கு ஆள் தனித்தனி அனுமதி என்ற வசதி 2010 க்குப் பிறகுதான் வந்தது.

விளைவு 2014 இல் தெரிந்தது. ஊபர் கம்பனியின் பொறியியலாளர்களும் நிரல்களும் முழு அதிகாரம் கொண்ட ஒரே அமேசன் திறப்பைப் பகிர்ந்து பாவித்தார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு பிறகு பதிவு செய்தது. அது கிற்ஹப் தளத்தில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் வந்து விழுந்தது. 2016 இல் மறுபடியும் கிற்ஹப் வழியாகவே திறப்பு வெளியேறி, 5 கோடி 70 இலட்சம் பேரின் தகவல் போனது. இதைவிட மோசம் கோட் ஸ்பேசஸ். மற்றவர்களின் நிரல்களைப் பாதுகாத்து வைக்கும் கம்பனி அது. 2014 ஜூனில் ஒருவர் அதன் அமேசன் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் நுழைந்து கப்பம் கேட்டார். கம்பனி கட்டுப்பாட்டை மீட்கப் பார்த்ததும் அழிக்கத் தொடங்கினார். பிரதிகளும் அதே பலகைக்குள்தான் இருந்தன. ஏறத்தாழ 12 மணித்தியாலத்தில் பெரும்பாலானது போய், கம்பனியே மூடப்பட்டது. 2021 இல் அமெரிக்காவின் கொலோனியல் எண்ணெய்க் குழாய் நின்று பெற்றோல் வரிசை வந்ததும், ஒருவரும் பாவிக்காமல் ஆனால் மூடப்படாமல் கிடந்த ஒரு கணக்கு வழியாகத்தான்.

'ஜஸ்ட் இன் டைம்' என்ற பெயர் டொயோட்டாவிலிருந்து வந்தது. உதிரிப்பாகம் களஞ்சியத்தில் குவியக்கூடாது, தேவைப்படும் நேரத்தில் தேவையான அளவு வரவேண்டும் என்பது அவர்களுடைய உற்பத்தி முறை. கணினிக்குள் குவிந்து கிடந்த அனுமதிகளுக்கும் இது நன்றாகவே பொருந்தியது. 2015 இல் ஹாஷிகோர்ப் வெளியிட்ட 'வோல்ட்' என்ற மென்பொருள், தரவுத்தளப் பாஸ்வேர்ட்டைச் சேமித்து வைப்பதற்குப் பதிலாக, கேட்கும் நேரத்தில் புதிய பயனரை உருவாக்கி, குத்தகைக் காலம் முடிந்ததும் அழித்தது. மைக்ரோசொஃப்ட்டின் 2016 சேர்வரில் ஒருவரை அட்மின் குழுவில் ஒரு மணித்தியாலத்துக்கு மட்டும் சேர்க்கலாம். அங்கே கெர்பரொஸ் ரிக்கற்றின் ஆயுளும் மிச்ச நேரத்துக்கு ஏற்றபடி குறுகும். முப்பது வருசம் கழித்து ரிக்கற்றும் பட்டியலும் ஒரே மணிக்கூட்டைப் பார்த்தன.

இதில் தரவுத்தளம் ஒரு சிக்கலான ஆள். போஸ்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு பயனருக்கு முடிவுத் திகதி போடலாம். ஆனால் அது பாஸ்வேர்ட்டுக்குத்தான். ஏற்கெனவே உள்ளே போய் இணைப்பைத் திறந்து வைத்திருப்பவரை அது வெளியே போடாது. வெளியே நின்று கதவைப் பூட்டினால் உள்ளே இருப்பவருக்கு என்ன? இணைப்பையும் தேடி அறுக்க வேண்டும். அந்தப் பயனர் ஒரு அட்டவணையை உருவாக்கியிருந்தால், அதை வேறு பெயருக்கு மாற்றாமல் அல்லது நீக்காமல் அவரை அழிக்கவும் முடியாது. அமேசனின் தற்காலிகத் திறப்புகளிலும், வழக்கமாக ஒரு மணித்தியாலம், கொடுத்த ஒன்றை மட்டும் தனியாகத் திருப்பி எடுக்க வழியில்லை. குறிப்பிட்ட நேரத்துக்கு முன் கொடுத்தவை எல்லாம் செல்லாது என்று சொல்லலாம். கெர்பரொஸின் பழைய தர்க்கம் இதுதான்.

காலம் குறுகினால் எல்லாம் சரி என்று நினைப்பவர்களுக்கு 2019 கப்பிட்டல் வன் வங்கியின் சம்பவம் நல்ல மறுப்பு. அங்கே திருடப்பட்டது தற்காலிகத் திறப்புத்தான். ஆனால் அது ஒரு நிரலின் திறப்பு, நிரல் கேட்கும்போதெல்லாம் புதிது கிடைக்கும், அது திறக்கும் கதவுகளும் கணக்கில்லாமல் இருந்தன. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 10 கோடிப் பேரின் விபரம் போனது. சம்மதம் கேட்கும் மனிதர் ஒருவர் நடுவில் இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம் என்பது வெறும் எண்தான். நடுவில் மனிதர் இருந்தாலும், நாளுக்கு ஐம்பது கோரிக்கை வந்தால் அவர் வாசிக்காமலே சம்மதிக்கத் தொடங்கிவிடுவார்.

இதை நம்பிக்கையின்மை என்று எதிர்க்கிற பொறியியலாளர்களும் இருக்கிறார்கள். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. எல்லாரிடமும் நிரந்தரத் திறப்பு இருக்கும் இடத்தில் ஏதும் களவு போனால் சந்தேகம் எல்லார் மேலும் விழும், முதலில் விழுவது புதிதாகச் சேர்ந்த பெடியன் அல்லது பெட்டையின் மேல். அந்த இரவு திறப்பு தன்னிடம் இருக்கவில்லை என்று பதிவேட்டைக் காட்ட முடிவது பெரிய பாதுகாப்பு.

உண்மையான பயம் வேறு. சம்மதம் கொடுக்கும் அமைப்பே விழுந்தால்? 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி முகநூலும் வட்ஸ்அப்பும் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் நின்றது உங்களில் கனபேருக்கு ஞாபகம் இருக்கும். பராமரிப்பு வேலையில் ஓடிய ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு வலையமைப்பையே அறுத்தது. அதோடு திருத்துவதற்கான உள்கருவிகளும் வேலை செய்யவில்லை. பொறியியலாளர்கள் நேரே தரவு மையங்களுக்குப் போனார்கள். உள்ளே போவது கஷ்டமாக இருக்கவேண்டும் என்றே கட்டிய இடங்கள் அவை, அதனால் அவர்களுக்கும் நேரம் எடுத்தது.

இதற்காகத்தான் 'கண்ணாடியை உடை' கணக்கு என்று ஒன்றை வைத்திருப்பார்கள். தீயணைப்புப் பெட்டியின் கண்ணாடி மாதிரி, அவசரத்தில் மட்டும் உடைக்கலாம், உடைத்தால் எல்லாருக்கும் சத்தம் கேட்கும். சம்மதமும் வேண்டாம், காலாவதியும் இல்லை. மைக்ரோசொஃப்ட் தன் கிளவுட் வாடிக்கையாளர்களுக்கு இப்படி இரண்டு கணக்காவது வைத்திருக்கச் சொன்னது. அதன் பாஸ்வேர்ட்டை இரண்டு மூன்று துண்டாகப் பிரித்து, தனித்தனித் தாளில் எழுதி, வேறு வேறு இடங்களில் தீப்பிடிக்காத இரும்புப் பெட்டிகளில் பூட்டி வைக்கலாம் என்பதும் அவர்களுடைய ஆலோசனையாக இருந்தது.