குளச்சல் போரும் ஒரு முனைவர் பட்ட ஆய்வும்

பள்ளிக்கூடத்தில் குளச்சல் போர் எங்களுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி. 1741-ல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களை வென்றார். பிடிபட்ட டி லனாய் பிறகு அவருக்கே படை நடத்தினார். அவ்வளவுதான். சண்டை எதற்கு என்று நாங்களும் கேட்கவில்லை.

மிளகுக்குத்தான்! அதைப் புரியவைத்தது அஷின் தாஸ் குப்தா என்ற வங்காளி வரலாற்றாசிரியர். 18-ஆம் நூற்றாண்டு மலபார் வணிகத்தைப் பற்றி கேம்பிரிட்ஜில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு 1967-ல் புத்தகமாக வந்தது. டச்சுக் கம்பெனியின் பழைய ஆவணங்கள்தான் அதற்கு ஆதாரம்.

டச்சுக்காரர்கள் சிற்றரசர்களோடு ஒப்பந்தம் போட்டு, சந்தை விலைக்கும் குறைவாக மிளகு வாங்கி வந்தார்கள். வர்மா அந்தச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார். பிறகு மிளகு வியாபாரத்தை அரசே எடுத்துக்கொண்டது. 1753 மாவேலிக்கரை உடன்படிக்கையில், தோற்ற கம்பெனி அவரிடமே மிளகு வாங்கவும் ஆயுதம் விற்கவும் சம்மதித்தது. சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளூர் வணிகர்கள் நொடிந்தார்கள். கொடி வளர்த்தவனுக்கு? முன்பு கம்பெனி அடிமாட்டு விலை வைத்தது, பின்பு அரசு வைத்தது. மிளகுக் காசு படைக்குப் போனது. உதயகிரிக் கோட்டைக்குள் டி லனாய் கல்லறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வருகிறது.

இப்படிப்பட்ட ஆய்வு செய்ய ஆசைப்படும் நண்பர்களுக்கு ஒரு தகவல்: கே.என். ராஜ் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையம் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. நாகர்கோவிலில் பஸ் ஏறினால் போதும்.